24 பக்கப் படக்கதை, எழுத்தும் ஓவியமும் நானே: பதிப்பகத்துக்கு எதை அனுப்புவது?

பாமணியாற்றுக்காரி, மன்னார்குடி
ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேர்வதுதான் கதை. 4–6 வயதுக்கு. படங்கள் வாட்டர்கலர், ஒன்பது முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் வரைந்துதான் அனுப்ப வேண்டுமா? இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா?

அரசலாறு
வரைவதை இன்றைக்கே நிறுத்துங்கள். எடிட்டர் ஒரு காட்சியை வெட்டச் சொன்னால் அத்தனை உழைப்பும் வீண்.

ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் 24 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். 1 தலைப்பு, 2 பதிப்பு விவரம். கதை 3-ல் தொடங்கும். 4-5 முதல் 22-23 வரை பத்து விரிபக்கம் (எதிரெதிர் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காட்சி), 24 தனி. ஆக கதைக்குக் கிடைப்பது 12 காட்சிதான், அட்டை தனி. எல்லாம் பென்சிலில் போதும்.

பக்கம் திருப்புவதுதான் படக்கதையின் உயிர். உங்கள் கதையில் ஒரு பிள்ளை மதகில் எட்டிப் பார்க்கிறது என்றால், அது வலப்பக்கத்தில் இருக்கட்டும். திருப்பினால்தான் தண்ணீர் வரவேண்டும்.

அனுப்ப வேண்டியது: யூனிகோடில் கதை, டம்மியின் பிடிஎஃப், முழுதாக வண்ணம் தீட்டிய இரண்டு மூன்று படம். அதே பிள்ளை முன்னால், பக்கவாட்டில், முதுகு காட்டி என்று தெரிந்தால் நல்லது. முகம் படத்துக்குப் படம் மாறுகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தூலிகா போன்ற பதிப்பகங்கள் பல மொழிகளில் போடுவதால் கடைப் பலகை, பஸ் போர்டு எழுத்தையெல்லாம் படத்துக்குள் வரைந்துவிடாதீர்கள்.

அச்சுமை
நாற்றங்கால் பச்சையில் கவனம். திரையில் பளிச்சென்று தெரியும் அந்தக் கிளிப்பச்சை நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். மை கலந்து வரும் பச்சைக்கு அந்த வெளிச்சம் கிடையாது. அச்சு மைக்கான சிஎம்ஒய்கே வண்ண முறைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு வண்ணத்தை முடிவு செய்யுங்கள். அச்சாகும் அளவில் 300 டிபிஐ ஸ்கேன், நாலு பக்கமும் 3 மிமீ ப்ளீட் (வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம்). முகமும் எழுத்தும் நடு மடிப்பிலிருந்து ஒன்றரை செ.மீ.யாவது தள்ளியிருக்கட்டும்.

நடவுக் காட்சி உண்டா? நடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். நம் புத்தகத்தில் கதை வலப்புறம் ஓடுவதால், பெண்கள் இடப்புறம் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். நட்ட வரிசை இடப்புறம், வெறும் சேறு வலப்புறம். மாற்றி வரைந்தால் நட்ட நாற்றையே மிதிக்கிற மாதிரி ஆகும். டெல்டாப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்!

எழுத்துரு: பலவற்றில் துணைக்காலும் ‘ர’வும் ஒரே மாதிரி இருக்கும். புதிதாகப் படிக்கும் பிள்ளை அங்கேதான் தடுக்கும். இரண்டுக்கும் வேறுபாடு தெளிவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

உரிமைக்கணக்கு
தொழில் பற்றி: ஒன்றிரண்டு புத்தகத்தின் ராயல்டியில் (விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு) குடும்பம் ஓடாது. பிறர் கதைக்கு வரைவது, பாடநூல் ஓவியம், பள்ளிப் பட்டறை எல்லாம் சேர்ந்தால்தான் ஓரளவு வருமானம். இப்போதிருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் தனித்தனித் தொகை கேளுங்கள். ராயல்டி அச்சிட்ட விலையிலா, கழிவு போன வரவிலா என்பதில்தான் பெரிய வித்தியாசம். 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் பல ஒப்பந்தங்களில் ‘முழுக் காலம், உலகம் முழுவதும்’ என்று ஒரு வரி நுழைந்திருக்கும். அசல் ஓவியங்கள் உங்களிடமே திரும்ப வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தில் பழகலாம், ஆனால் இந்தக் கதையை அங்கே போடாதீர்கள். அது திறந்த உரிமம். யாரும் எடுத்து அச்சிட்டு விற்கலாம், கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது.

பாமணியாற்றுக்காரி
டம்மி மடித்துப் பார்த்தேன். மதகு 6-ல் இருக்கிறது, எதிரே 7-லேயே தண்ணீர் வந்துவிடுகிறது. முன்னால் ஒரு பக்கம் கூட்டினால் மதகு 7-க்குப் போகும், தண்ணீர் 8-9-ல் விரியும். அதற்குக் கடைசியில் இரண்டு பக்கம் குறைய வேண்டும். முடித்த ஒன்பதில் கொக்குப் படம்தான் போகும் போலிருக்கிறது.