55 தாண்டியவர்களுக்கு வேலைநேரத்தை மாற்றிக் கொடுத்தால் சுமை யார் தலையில்?

மாலதி_ஈசூன்:
அம்மாவுக்கு 61 வயது. மொத்தமாகச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையல்கூடத்தில் காலை 6 மணி ஷிப்ட். தாத்தாவைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு வண்டி ஏற்றிவிட்டு 8 மணிக்கு வருகிறேன், அந்த 2 மணி நேரத்தைச் சாயங்காலம் இருந்து முடித்துக் கொடுக்கிறேன் என்றுதான் கேட்டார். ‘இங்கே அப்படி வழக்கமில்லை’ என்று மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லி முடித்துவிட்டார். 2024 டிசம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும், வேலைநேர மாற்றம் கேட்பது பற்றி அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைப்படி, முறையாக எழுதிக் கேட்டால் 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வழக்கமில்லை என்பது அதன்படி நியாயமான காரணமே இல்லை.

ராஜா_உட்லண்ட்ஸ்:
தங்கச்சி, அது நெறிமுறை, சட்டம் இல்லை. செலவு கூடும், உற்பத்தி குறையும் என்றால் மறுக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. நான் கிடங்கில் ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல், போடுகிறவன். காலையில் லாரி வந்து நிற்கும்போது மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் தாமதமாக வந்தால் பெட்டிகளை இறக்குவது யார்? வீட்டில் கைக்குழந்தை இருக்கும் இளையவர்கள்தான். அவர்களும் இதே நெறிமுறையைக் காட்டிக் கேட்கலாம், அப்போது யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது?

சேகர்_தெம்பனிஸ்:
ராஜா தம்பி, 2022 ஜூலையில் ஓய்வு வயது 63, ஓய்வு வயதைத் தாண்டியும் தகுதியுள்ளவர்களை வேலையில் தொடரவிடும் மறுவேலைவாய்ப்பு வயது 68 ஆனது. 2026 ஜூலை 1 முதல் 64, 69. அந்த வயதுவரை ஆள் வேண்டும், ஆனால் 30 வயதில் போட்ட ஷிப்டையே போட வேண்டும் என்றால் முட்டி தாங்குமா? நானும் மறுவேலைவாய்ப்பில் இருப்பவன்தான். மாலதி, ஒன்று கவனிங்கம்மா. நேரத்தை மாற்றுவது வேறு, குறைப்பது வேறு. ‘பகுதிநேரமாக வாங்க’ என்று தேன் தடவிச் சொல்வார்கள், சம்பளம் பாதியானால் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்குப் (CPF) போகும் தொகையும் பாதியாகும். 55 முதல் 60 வரை உள்ளவர்களுக்கு 2025இல் சந்தா விகிதத்தைச் சம்பளத்தில் 32.5 சதவீதமாக உயர்த்தினார்கள், சம்பளமே சுருங்கிவிட்டால் அதனால் என்ன பயன்?

மாலதி_ஈசூன்:
அதனால்தான் சேகர் ஐயா, அம்மா மணிக்கணக்கைக் குறைக்கச் சொல்லவே இல்லை. ராஜா அண்ணே, லாரி இறக்குவதற்கு 6 மணிக்கு ஆள் வேண்டும், சரி. சாப்பாட்டுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதற்கும் அதே 6 மணியா?

ராஜா_உட்லண்ட்ஸ்:
லேபிள் வேலை என்றால் தள்ளிப் போடலாம்தான். ஆனால் காலையில் அம்மா இடத்தில் நிற்கப்போகிறவரிடம் முதலில் கேட்டார்களா? அவர் சம்மதிக்காமல் நான் ரோஸ்டரைத் தொட மாட்டேன்.