வாடகை வீடுகளை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். எனக்கும் என் கணவருக்கும் மூன்று வாடகை வீடுகள் உள்ளன. இரண்டு வீடுகள் இருவர் பெயரிலும், கடன் நிலுவையில் உள்ள மூன்றாவது வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கின்றன. குடியிருப்பவர் எவரேனும் படியில் விழுந்து வழக்குத் தொடுத்தால் எங்கள் சேமிப்பும் சேர்ந்து போய்விடும் என்று அஞ்சுகிறோம். கூட்டாண்மை, எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட் ஆகியவற்றுள் எது எங்களுக்குப் பொருந்தும்?

பதில் 1:
கூட்டாண்மையை முதலில் விலக்கிவிடுங்கள். அதன் கடன்களுக்குப் பங்காளிகள் தங்கள் சொந்தச் சொத்தைக் கொண்டும் பொறுப்பேற்க நேரும் என்பதால் உங்கள் அச்சத்திற்கு அது மருந்தாகாது. மற்ற இரண்டும் உங்கள் பொறுப்பை, பொதுவாக நீங்கள் போட்ட முதலீட்டின் அளவோடு நிறுத்தும். ஆனால், உங்கள் சொந்த நிறுவனமே ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அது வேறொரு நபர் என்பதால், வீட்டை அதன் பெயருக்கு மாற்றும்போது பல நாடுகளில் முத்திரைக் கட்டணமும் மூலதன ஆதாய வரியும் சேர்ந்து வரக்கூடும். கடன் உள்ள வீட்டை வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றி மாற்றவே கூடாது. நிறுவனத்தின் பெயரில் புதிய கடன் வாங்கினாலும், சிறு நிறுவனம் என்றால் உரிமையாளர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தை வங்கிகள் பெரும்பாலும் கேட்கும். அதில் கையெழுத்திட்டபின் அந்தக் கடனைப் பொறுத்தவரை பாதுகாப்பு ஏதும் மிஞ்சாது. நீங்கள் சொல்லும் விபத்துக்கு முதல் காப்பு, உரிமையாளர் பொறுப்புக் காப்பீடுதான் என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் மூன்றாவது வீட்டில் பாதியை அவர் எனக்குத் தானமாக எழுதிக்கொடுத்தால், வாடகையையும் பாதிப் பாதியாக வரிக்கணக்கில் காட்டலாமா?

பதில் 2:
இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் சேர்ந்து வாழும் தம்பதியர் கூட்டாக வைத்திருக்கும் சொத்தின் வருமானம் பொதுவாகச் சரிபாதியாகவே கொள்ளப்படும். உண்மையான பங்கு வேறாக இருந்து, அதன்படியே வரி செலுத்த விரும்பினால் படிவம் 17 வழியாக வரித்துறைக்கு அறிவிக்க வேண்டும். இந்தியாவிலோ, பங்கு வரையறுக்கப்பட்ட கூட்டு உரிமையாளர்களுக்கு அவரவர் பங்கின்படி தனித்தனியே வரி உண்டு என்றாலும், உரிய விலை பெறாமல் மனைவிக்குக் கொடுத்த வீட்டின் வாடகை கணவரின் வருமானமாகவே கணக்கிடப்படும். ஆகவே, வரிக்காகத் தானப்பத்திரம் எழுதும் முன் உங்கள் நாட்டு விதியைத் தணிக்கையாளரிடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள வீடுகளை இருக்கும் பெயரிலேயே விட்டுவைத்து, வாடகைக்கெனத் தனி வங்கிக் கணக்கும், ஒருவர் மறைந்தால் பங்கு யாருக்குச் சேரும் என்பதைச் சொல்லும் உயிலும் ஏற்படுத்துங்கள். இன்னும் வீடுகள் வாங்கும் எண்ணம் இருந்தால், கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே நிறுவனத்தைத் தொடங்கி அதன் பெயரிலேயே வாங்குவது, பிறகு மாற்றும் செலவைத் தவிர்க்கும்.