அக்குவஸ் ஹியூமருக்குத் தமிழ் என்ன? (வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும்)

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
வணக்கம். கண் முகாமில் கொடுக்க நாலு பக்கக் கையேடு. வியாழன் காலை அச்சகத்துக்குப் போகணும். குளுக்கோமாவுக்கு ‘கண் அழுத்த நோய்’ என்று போட்டாச்சு. இடிப்பது அக்குவஸ் ஹியூமர். ஐரிஸ் என்ற நிறத்திரைக்குப் பின்னால் சுரந்து, அதன் நடுத்துளையான பாவை வழியாக முன்னால் வந்து, ஓரத்துக் கோணத்தில் வடிந்து இரத்தத்தில் கலக்கும் நீர். ‘கண்ணீர்’ என்றால், “அழாம இருந்தா இந்த நோய் வராதா?” என்கிறார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:
விழிநீர். இருக்கவே இருக்கிறதே!

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அதுவும் அழுகைதானே?

தமிழாசிரியர்:
அப்படியானால் ‘விழியூறல்’. தொட்டனைத் தூறும் மணற்கேணி என்றார் வள்ளுவர். ஓயாமல் ஊறுவதற்கு இதைவிட நல்ல வேர் கிடையாது.

நிருபர், விழுப்புரம்:
ஐயா, எங்கள் ஊர்ச் செய்தியில் ஊறல் என்றால் ஒன்றுதான். “கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு.” வேண்டாமே. ‘முன்னறை நீர்’ எப்படி?

கண் மருத்துவர், கோவை:
சுரப்பது ஐரிசுக்குப் பின்னால் உள்ள பின்னறையில். நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர். ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மொத்தமும் புதுநீராகிவிடும். இரத்தக் குழாயே இல்லாத லென்சுக்கும், கண்ணின் முன்பக்கத் தெளிபடலமான கார்னியாவுக்கும் சோறு போடுவது இதுதான். அறையில் தேங்கிய நீர் போலப் பெயர் வைக்காதீர்கள்.

இன்னொன்று. ‘கண் அழுத்த நோய்’ எனக்கு உறுத்துகிறது. அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்ற வழக்கமான அளவுக்குள் இருந்தும் பார்வை நரம்பு கெடுபவர்கள் உண்டு. அவர்களிடம் இந்தப் பெயரை எப்படிச் சொல்வேன்? மற்றவர்களோ, “பிரஷருக்குத்தான் தினமும் மாத்திரை போடுறேனே” என்கிறார்கள்.

பொறியாளர் (ஓய்வு), சிவகங்கை:
ஓடுகிற நீருக்கு நம்ம கண்மாய்ச் சொல் போதுமே. கண்மாயிலேயே கண் இருக்கு! கோணத்தில் நீர் வடியும் சல்லடைத் திசுவுக்கு ‘மடைவலை’. அதற்கப்பால் உள்ள ஷ்லெம் கால்வாய்க்கு, கண்மாயின் மிகைநீர் வழியும் ‘கலிங்கு’. 1830-இல் ஒரு ஜெர்மானியர் கண்டு சொன்னார் என்பதற்காக நோயாளி அவர் பெயரை ஏன் சுமக்கணும்?

கண் மருத்துவர்:
மடை சரி. கலிங்கு நிறைந்த பிறகுதானே வழியும்? கண் எப்போதும் வடிந்துகொண்டே இருக்கணும். நிறையட்டும் என்று காத்திருந்தால் நரம்பு போய்விடும்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
எங்களுக்கு அழுத்தம் இல்லை, அமுக்கம். குருதியமுக்கம் எண்டுதான் பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். ‘கண்ணமுக்கம்’ எண்டு போடலாமே?

நிருபர்:
அக்கா, இங்கே அமுக்குறது போலீஸ் வேலை.

தமிழாசிரியர்:
குளுக்கோமாவின் மூலம் கிரேக்கத்து ‘கிளௌகோஸ்’. நீலப்பச்சை என்பார்கள். நான் ‘கலுழ்’ என்பேன். கலங்குதல், அழுதல் இரண்டும் அதில் உண்டு. கலுழ், கலுக், கிளௌ…

மொழியியல் மாணவர், சென்னை:
ஐயா, அங்கே ழகரம் ககரமானதற்கு இன்னொரு சொல் காட்டுங்கள். கிரேக்கக் கவி ஹோமர் அந்தச் சொல்லை அத்தீனா என்ற தெய்வத்தின் கண்ணுக்கு அடைமொழியாக்கினார். அவள் அழுமூஞ்சி இல்லை.

சித்த மருத்துவர், பாளையங்கோட்டை:
கிரேக்கம் எதற்கு? நம் கண்ணோய் வரிசையில் ‘நீலகாசம்’ உண்டு.

நிருபர்:
காசம் என்று அச்சடித்தால் சனம் சளிப் பரிசோதனைக்குப் போய் நிற்கும். குளுக்கோமா என்றே விடுங்கள், மருந்துச் சீட்டில் அதுதானே இருக்கும்?

கண் மருத்துவர்:
அதைக் குளுக்கோஸ் என்று கேட்டு, காப்பியில் சர்க்கரையை நிறுத்தியவர்களும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர் (புதன் இரவு 11.40):
‘கண்ணுள் நீர்’ என்று முடித்துவிட்டேன். திசுவுக்கு ‘வடிவலை’, மடை பார்க்காத பிள்ளைகளும் படிக்கணுமே, பொறியாளர் ஐயா மன்னிக்கணும். தலைப்பு ‘குளுக்கோமா எனும் கண் அழுத்த நோய்’. அழுத்தம் கூடாமலும் வரும் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன், டாக்டர்.

கண் மருத்துவர்:
தலைப்பு மட்டும் படிப்பவர்களுக்கு? சரி, அனுப்புங்கள்.

தமிழாசிரியர்:
உள்ளும் நீரும் புணர்ந்தால் உண்ணீர். ‘கண்ணுண்ணீர்’ என்றே அச்சிடுக.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, கண்ணில் விட்டுக் குடிக்கிற தண்ணி என்று நினைப்பார்கள். கோப்பு போயாச்சு.

தமிழாசிரியர்:
என் வாக்கு விழியூறலுக்கே. குறித்துக்கொள்ளவும்.