உதவி: கம்பனி பங்கு தருகிறதாம், கையெழுத்து வைக்கலாமா?

உப்புவெளிக்காற்று:
வணக்கம். திருகோணமலையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கம்பனி பங்கு தருகிறதாம். பத்திரம் வந்துவிட்டது, வெள்ளிக்குள் கையெழுத்து வேண்டுமாம். பெங்களூரில் இருக்கிற சக ஊழியர் உடனே வைத்துவிட்டார். இங்கே ஏதும் சிக்கல் வருமா? வங்கியில் கேட்டேன், கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. அவசரம்.

ஓர்ஸ்ஹில்அக்கா:
எந்த நாட்டுக் கம்பனி? பங்கா, குறித்த விலைக்குப் பிறகு பங்கு வாங்கும் உரிமையான ஒப்ஷனா, சில காலம் வேலை செய்தபின் பங்காகக் கிடைக்கும் ஆர்எஸ்யூவா? நீங்கள் ஊழியரா, இன்வொய்ஸ் அனுப்புகிறவரா? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

வரிக்கணக்கர்:
இதைப் பலமுறை எழுதிவிட்டேன், தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தை வாசியுங்கள். ஊழியர் என்றால் ஒப்ஷன் கிடைத்த நாளில் வரி இல்லை. அதைக் கொண்டு பங்கை எடுக்கும் நாளில், சந்தைப் பெறுமதியில் நீங்கள் கொடுத்த காசு போக மிச்சம் வேலை வருமானம். விற்கச் சந்தையே இல்லாத பங்கானாலும் வரி வரிதான்.

உப்புவெளிக்காற்று:
அமெரிக்கக் கம்பனி. ஒப்ஷன். வேலையை விட்டால் 90 நாளுக்குள் வாங்க வேண்டும் என்று இருக்கிறது.

டொக்யாட்றோட்:
90 நாளா? அப்ப அது ஐஎஸ்ஓ வகை ஒப்ஷன்தான். ஊழியருக்கு மட்டும் தருவது. நீங்கள் கொன்ட்ராக்டர் என்றால் பத்திரமே பிழை.

வரிக்கணக்கர்:
என்எஸ்ஓ என்ற மற்ற வகை ஒப்ஷனிலும் 90 நாள் போடுவார்கள். ஐஎஸ்ஓ அமெரிக்க வரிச் சலுகை. திருகோணமலையில் இருக்கிற மனிதருக்கு அதனால் என்ன இலாபம்?

பெங்களூர்வாசி:
இங்கே நாங்கள் எல்லாரும் சைன் பண்ணிவிட்டோம், பிரச்சினை இல்லை. அங்கேயும் அதேதானே?

ஓர்ஸ்ஹில்அக்கா:
அதே இல்லை. உங்களுக்கு ஃபெமா என்ற இந்தியச் செலாவணிச் சட்டம், எங்களுக்கு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். இப்போது கையெழுத்து வைப்பதால் டொலர் வெளியே போகாது. பங்கை வாங்கும் அன்றுதான் போகும், அதற்கு வெளிநாட்டில் முதலீடு செய்யும் ஓஐஏ கணக்கு வேண்டும். 2020இல் அரசு அதற்குக் கட்டுப்பாடு போட்டது, பிறகு அவ்வப்போது மாற்றியும் வந்திருக்கிறது. இன்றைய நிலையை வங்கியின் தலைமை அலுவலகச் செலாவணிப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். கவுண்டரில் நின்று பயனில்லை. டொலர் அனுப்பவே முடியாவிட்டால் அந்த 90 நாள் சும்மா போய்விடும், காலத்தை நீட்ட முடியுமா என்று கம்பனியிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

டொக்யாட்றோட்:
ஸ்டார்ட்அப் பங்கு வடை சுற்றவும் உதவாது. அந்தக் காசுக்கு நிலாவெளியில் காணி வாங்கலாம்.

வரிக்கணக்கர்:
உறுதிப் பத்திரம் பார்க்காமல் காணி வாங்கிவிட்டு நீதிமன்றத்துக்கு அலைகிறவர்களையும் எனக்குத் தெரியும்.

டொக்யாட்றோட்:
என் காணி உறுதி சுத்தமாக இருக்கிறது ஐயா.

ஓர்ஸ்ஹில்அக்கா:
காணிக்கு வேறு இழை தொடங்குங்கள்.

உப்புவெளிக்காற்று:
நன்றி அக்கா. சம்பளச் சீட்டில் இருப்பது கொழும்பிலுள்ள இடைக் கம்பனியின் பெயர், இன்றுதான் கவனித்தேன். திங்கள் வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

டொக்யாட்றோட்:
அப்ப அமெரிக்கக் கம்பனி ஊழியராகவே எடுக்கவில்லை! பத்திரத்தில் ஐஎஸ்ஓ என்று இருக்கிறதா, என்எஸ்ஓ என்றா?

ஓர்ஸ்ஹில்அக்கா:
தம்பி, இருக்கிறீர்களா?