பனியில் வண்டி மாட்டிக்கொண்டால் சூட்டுக்கு என்ன வழி? – அனுபவப் பகிர்வு

மெழுகுவத்தியைத் தேடுவதற்கு முன் ஒரு கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பிலிருந்து சுமார் 100 வாட் சூடு வெளியேறுகிறது. சின்ன டீலைட் மெழுகுவத்தி 40 வாட்டுக்குப் பக்கம். தடித்தது 80 வரை போகலாம். பக்கத்து சீட்டு ஆளே இரண்டு டீலைட்டுக்கு மேல்! அந்தச் சூட்டைக் கண்ணாடியும் தகடும் உறிஞ்சுவதற்குள் பிடித்து வைக்க வேண்டும். எல்லோரும் பின்சீட்டில் ஒரே போர்வைக்குள் ஒண்டிக்கொள்ளுங்கள். கால் விரிப்புகளைச் சீட்டில் போட்டு அதன்மேல் உட்காருங்கள். கசக்கிய செய்தித்தாளைச் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே திணியுங்கள்.

பெட்ரோல் இருக்கும்வரை என்ஜினை மிஞ்சிய அடுப்பு கிடையாது. நடுத்தர கார் ஐடிலில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டினால் அரை டேங்க் நாள்கணக்கில் வரும். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறும்வரை புளோயரை வைக்காதீர்கள், குளிர்காற்றுதான் அடிக்கும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும் இறங்கி சைலன்சரைப் பாருங்கள். குழாய் வாயை மட்டும் தோண்டினால் போதாது: வண்டியைச் சுற்றிப் பனி மூடியிருந்தால் புகை அடியில் தேங்கி உள்ளே ஏறும். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், அசாதாரணத் தூக்கம் வந்தால் என்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வரவேண்டும். கரி அடுப்பு வண்டிக்குள் கூடவே கூடாது, கண்ணாடி இறக்கியிருந்தாலும் சரி.

டாய்லெட் பேப்பர் உருளையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து எரிக்கும் டின் அடுப்பு பற்றி. உருளையின் நடு அட்டைக்குழாயை உருவிவிட்டு, தகர டின்னில் இறுக அமுக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை (எரியும் ஒரு வகை ஸ்பிரிட்) ஊற்றுங்கள். பேப்பர் ஊறினால் போதும், மேலே குளமாக நிற்கக் கூடாது. அணைக்க மூடியை வைத்து மூடுங்கள், ஊதாதீர்கள். விபத்து பெரும்பாலும் இரண்டாம் முறை ஊற்றும்போதுதான். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அணைந்ததென்று நினைத்து ஊற்றினால் தீ பாட்டிலுக்கே தாவும். டின் கைக்குக் குளிர்ந்த பிறகு ஊற்றுங்கள். பெட்ரோலை இதில் ஊற்றவே கூடாது.

என்னைக் கேட்டால் இந்த டின் வண்டிக்குள் எரிக்க வேண்டிய பொருளே இல்லை. வெளியே, காற்று மறைவில் வைத்துப் பனியை உருக்கித் தண்ணீர் சுட வையுங்கள். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பனியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். வெறும் பனியைத் திணித்தால் அடி தீயும். ஒரு லிட்டர் தண்ணீர் 60 டிகிரியிலிருந்து 35க்கு இறங்கும்போது சுமார் 29 வாட்-மணி சூடு தரும். டீலைட் முக்கால் மணி நேரம் எரிவதற்குச் சமம். ஆனால் அத்தனையும் போர்வைக்குள்ளேயே இறங்குகிறது, புகையில்லாமல். பாட்டிலைத் துணியில் சுற்றித் தொடைகளுக்கு நடுவே வையுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று: ஈரம். 100 கிராம் மெழுகு எரிந்தால் 130 கிராமுக்கு மேல் நீராவி வரும். அது கண்ணாடியின் உட்பக்கம் உறைபனியாகப் படியும், போர்வையும் நமுத்துப்போகும். இதற்கும் அந்தக் கண்ணாடி இடைவெளிதான் மருந்து.

சின்ன கேஸ் கேனில் எரியும் அடுப்பு வைத்திருப்பவர்கள் லேபிளைப் படியுங்கள். வெறும் பியூட்டேன் 0 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, கேன் நிறைய இருந்தும் அடுப்பு பற்றாது. புரோப்பேன் கலந்ததை வாங்குங்கள். பாக்கெட் லைட்டரிலும் பெரும்பாலும் அதே பியூட்டேன்தான். டாஷ்போர்டில் போட்டு வைக்காமல் உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.