மேட்டு நிலம்தான், ஆனால் தண்ணீர் வடியவில்லை: உங்களுக்கு நேர்ந்ததுண்டா?

அம்பத்தூர்வாசி

போன கார்த்திகையில் பார்த்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்த இழை.

திருவள்ளூருக்கு அப்பால், கொசஸ்தலையாற்றுப் பக்கம் 60 சென்ட். ஆற்றங்கரை இல்லை. ஆறு எந்தக் காலத்திலோ போட்டுவிட்டுப் போன பழைய கரை. இப்போது ஆற்றைவிட இரண்டு ஆள் உயரத்தில், மேசை மாதிரி சமமாகக் கிடக்கிறது. சித்திரையில் வாங்கினேன். வெடிப்பு விட்டிருந்தது, விரல் முழுதாக உள்ளே போகும். "மேட்டு நிலம் சார், தண்ணி நிக்கவே நிக்காது" என்றார் தரகர். மேடென்றால் வடியும் என்று நானும் நம்பினேன். பப்பாளி 50, முருங்கை 50.

ஐப்பசி மழையில் பப்பாளி மஞ்சளடித்தது. கார்த்திகையில் இன்னொரு மழை. அது விட்டு நாலாம் நாள், ஒரு செடிக்குப் பக்கத்தில் குழி வெட்டினேன். மேலே முக்கால் அடிக்குத் தவிட்டு நிறத்தில் மாவு போன்ற மண். முழங்கை ஆழம் போனதும் சாம்பல் நிறம், அதில் ஆரஞ்சாக நரம்பு நரம்பாகத் துரு. இரண்டும் சேரும் இடத்தில், குழியின் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்தது. அடியிலிருந்து ஊறவில்லை. பக்கவாட்டில், நெற்றி வியர்ப்பது மாதிரி. கடப்பாரையால் இன்னும் ஒரு அடி குத்தினேன். வந்த களிக்கட்டியை உடைத்தால் உள்ளே வெறும் ஈரப்பதம்தான். மேலே தண்ணீர் நிற்கிறது, கீழே போய்ச் சேரவே இல்லை!

கூட இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "சட்டிக்கு அடியில ஓட்டை இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விட்டார். 9 பப்பாளி தப்பியது. முருங்கை ஒன்றுகூட இல்லை.

தக்கைப்பூண்டு

அந்த ஆரஞ்சு நரம்பு எனக்கும் பழக்கம். பொன்னேரிப் பக்கம் எங்கள் வயல். நவரைப் பருவ நெல் அறுப்பு முடிந்து ஒரு அடிக்கட்டையைப் பிடுங்கி வாய்க்காலில் அலசினேன். வேரைச் சுற்றித் துருவில் ஒரு உறை, பென்சில் முனை கனத்துக்குக் குழல் குழலாக. நசுக்கினால் மஞ்சள் பொடி. விவரம் தெரியாமல் மாமாவின் வெள்ளை வேட்டியில் கையைத் துடைத்தேன். மூன்று வருடம் ஆகிறது, கறை அப்படியே இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டுதான் வயலுக்கு வருகிறார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்தைத் தடவிக் காட்டுகிறார்.

மண்வளம் முதலில்

அம்பத்தூர்வாசி சார், வாங்குவதற்கு முன் மண் பரிசோதனை செய்தீர்களா? பலரும் செய்யும் தவறு இது. முதலில் மண்வள அட்டை வாங்குங்கள். அப்புறம் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஜிப்சம் போடுங்கள், களி தளர்ந்துவிடும். ஆற்று மணலோ எம்-சாண்டோ கலந்துவிடுங்கள். ஜேசிபி வைத்து மூன்றடி புரட்டிப் போடுங்கள். புரட்டியதும் தொழுவுரம், அதன் மேல் ஜீவாமிர்தம், 15 நாளைக்கு ஒருமுறை தவறாமல். சணப்பு விதைத்து மடக்கி உழுங்கள். மூடாக்கு மிக முக்கியம். பப்பாளியை விட்டுவிட்டு சப்போட்டா போங்கள். சொட்டுநீர் போட்டிருக்கிறீர்களா? போடாவிட்டால் உடனே போடுங்கள், மானியம் இருக்கிறது. நிலத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, நாம்தான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

என் அனுபவம்: எனக்கும் ஒருமுறை வெண்டை அழுகியது.

மழைக்குழி

மேலே சொன்னதில் தொழுவுரத்தையும் சணப்பையும் தவிர எதையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை, மன்னிக்கவும். தண்ணீர் வடியாத நிலத்துக்குச் சொட்டுநீரா?

மண்வள அட்டையில் 12 விஷயம் வரும். கார அமில நிலை (pH), உப்பு, கரிமம், தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், அப்புறம் நுண்ணூட்டம். தண்ணீர் வடியுமா வடியாதா என்று அதில் ஒரு வரி கிடையாது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அட்டை சொல்லும், பப்பாளி சாகும். ஜிப்சம் சோடியம் ஏறிய களர் மண்ணுக்கு மருந்து. கார நிலை 8.5-ஐத் தாண்டாத மண்ணில் போட்டால் காசுதான் கரையும். மணல் கணக்கையும் பார்த்துவிடலாம். 60 சென்ட்டில் அரை அடி மண்ணே சுமார் 370 கன மீட்டர். பாதிக்குப் பாதி கலக்க சுமார் 130 யூனிட் மணல் வேண்டும் (யூனிட் என்றால் 100 கன அடி). அவ்வளவும் கொட்டினாலும் கோளாறு அதற்குக் கீழேதானே இருக்கிறது?

அந்தச் சாம்பல் நிறம்தான் அட்டையில் இல்லாத சேதி. மண்ணுக்குச் செம்மை கொடுப்பது இரும்பு. தண்ணீர் நின்று காற்று தீர்ந்ததும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மூச்சுக்கு வழியில்லாமல் துருவில் கை வைக்கின்றன. இரும்பு கரைந்து போய்விடும், மண் சாயம் போன துணி மாதிரி வெளுக்கும். வேர் செத்த துளை வழியாகக் காற்று நுழையும் இடத்தில் மறுபடி துருவாகப் படியும். ஆகவே சாம்பலும் துருவும் எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ, மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை ஏறி நிற்கும் என்று கொள்ளலாம். இதைச் சித்திரையிலேயே பார்க்கலாம், மழைக்குக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் மண் வடிவதை ஏழு படியாகப் பிரிப்பார்கள். நன்றாக வடிவதும் இல்லை, சதுப்பும் இல்லை என்று ஐந்தாவதாக ஒன்று உண்டு. சார் நிலம் அதுதான். ஆறு விட்டுப்போன இந்த மாதிரிப் பழைய மேடுகளில் இது சகஜம். மேல்மண்ணின் நுண்களி காலங்காலமாக மழையில் இறங்கி, கீழே படிந்து அடைத்துக்கொள்ளும். சமதரை என்பதால் மேலே ஓடவும் வழி கிடையாது.

என் கதை நிலம் இல்லை. அண்ணா நகரில் எங்கள் அடுக்ககம். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது ஐந்தடிக் குழி வெட்டி ஜல்லி போட்டோம். மழை விட்டுப் பத்து நாள் கழித்துப் பார்த்தால், வாட்ச்மேன் அந்தக் குழியிலிருந்து வாளியில் மொண்டு கார் கழுவிக்கொண்டிருக்கிறார். களியைத் தாண்டி மணல் வரை துளை போட்ட பிறகுதான் குழி தண்ணீர் குடித்தது.

மண்வளம் முதலில்

அமெரிக்கக் கணக்கு நம் ஊருக்குச் சரிவராது. வெண்டை விஷயத்தில் நான் சொன்னது அனுபவம்.

மாதவரம் அக்கா

சண்டை வேண்டாம் தம்பிகளா. உங்களில் யாராவது கறுப்பு உருண்டை பார்த்திருக்கிறீர்களா? உத்திரமேரூர்ப் பக்கம் என் நாத்தனார் நிலத்தில் கிணற்று மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள். மழையில் கழுவியதும் மேலே மிளகு மிளகாகக் கறுப்பாய் நின்றது. ஆட்டுப் புழுக்கை என்று முதலில் ஒதுக்கிவிட்டேன். கையில் எடுத்தால் கனம். நாத்தனார் வீட்டுக்காரர் ஏதோ உலோகம் கிடைத்துவிட்டதென்று ஒரு டப்பா நிறைய பொறுக்கி, பூட்டி வைத்து, ஒரு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்புறம் கல்லில் வைத்துத் தட்டினார். உள்ளே காப்பிப் பொடி நிறம். டப்பா இன்னும் பரணில் இருக்கிறது.

மழைக்குழி

அக்கா, இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த உருண்டை அது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து உருள்வது. அந்த நிலத்தில் முருங்கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேர் வேண்டாம்

எங்களுடையது நிலம் அல்ல, மனை. செங்குன்றம் தாண்டி. பழைய வயல் என்று தெரியும், ஆனால் செம்மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள், விற்றவர்களும் "இனி பிரச்சினையே இல்லை" என்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும் கழிவறைத் தண்ணீர் இறங்கவில்லை, உறிஞ்சுகுழி நிறைந்து எதிர்த்துக்கொண்டு வருகிறது. பொங்கல் கழித்து வேறு இடத்தில் குழி வெட்டச் சொன்னோம். இரண்டடி செம்மண் போனதும் வெட்டியவர் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். கீழே நெல் அடிக்கட்டை. மக்கிக் கறுத்து, நட்ட வரிசை மாறாமல். கடைசி அறுப்புக்குப் பிறகு உழக்கூட இல்லை, அப்படியே மூடியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வருடக்கணக்கில் சேடை ஓட்டி, அதாவது நாற்று நடத் தண்ணீர் கட்டிச் சேறாக உழுது, இறுகிய தட்டு. மண்வெட்டி பட்டால் வழுக்கியது.

அந்த வாசனை வேறு. சாக்கடை நாற்றம் இல்லை, வயல் வாசனை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

கல்தேடி

இழையைத் திருப்புவதாக நினைக்காதீர்கள். அம்பத்தூர்வாசி சொல்லும் இந்தப் பழைய கரைகள் லேசுப்பட்டவை அல்ல. பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-லேயே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதரின் கற்கருவிகள் எடுத்தது இதே ஆற்றின் பழைய படிவுகளில்தான். நான் அந்தப் பக்கம் ஒரு ஓடையில் இறங்கிப் பார்த்தேன். மேலே களி, சுவர் போல நிற்கிறது. அதன் கீழே கூழாங்கல் அடுக்கு. களியின் மேல் தேங்கிய தண்ணீர் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விழுந்து, கூழாங்கல்லில் பட்டதும் காணாமல் போகிறது. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருவி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் எடுக்கக்கூடாது, அது வேறு விஷயம்.

அம்பத்தூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. மண்வளம் சார், மண் பரிசோதனை செய்திருந்தேன். எல்லாம் சரி என்றுதான் வந்தது.

இந்த வருடம் மேல்புறம் முழுக்க இரண்டடி ஆழத்துக்கு வடிகால் வெட்டி, களியைத் தொட்டு நிறுத்தினேன். கொய்யா மட்டும், மேட்டுப்பாத்தியில். மீதியில் பெரியவர் தக்கைப்பூண்டுச் செடி (உரத்துக்காக மடக்கி உழுவது) விதைத்திருக்கிறார். போன வாரம் மழைக்குப் பின் போய்ப் பார்த்தேன். வடிகால் சுவரிலிருந்து அதே கசிவு, ஆனால் இப்போது ஓடுகிறது. ஒன்றுதான் இடிக்கிறது. தேங்கிய இடத்தில் தண்ணீரின் மேல் டீசல் ஊற்றினாற்போல் வானவில் நிறத்தில் பளபளப்பு. பக்கத்து மோட்டார்க்காரர் மேல் சந்தேகப்பட்டு இரண்டு வார்த்தை பேசியும் விட்டேன். குச்சியால் தொட்டுப் பார்த்தால் அப்பளம் மாதிரி துண்டு துண்டாக உடைகிறது.

தக்கைப்பூண்டு

உடைந்தது திரும்ப ஒட்டிக்கொண்டதா?

அம்பத்தூர்வாசி

இல்லை.

தக்கைப்பூண்டு

அப்போது டீசல் இல்லை சார். டீசலாக இருந்தால் உடனே சேர்ந்துவிடும். இது அந்த இரும்புதான், வெளியே வருகிறது. மோட்டார்க்காரரிடம் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.