கார்க் கடன் கமிஷன்: கடன் கொடுத்த நிறுவனத்திடம் முறையிடுவது நியாயமா?

தில்லைநாதன்:
பிரிட்டனில் 2018 வாக்கில் தவணைக்குக் கார் எடுத்த உறவினர்கள் பலர், கடனைப் பிடித்துக் கொடுத்ததற்காகக் கார் டீலருக்குக் கடன் நிறுவனம் தந்த கமிஷனைக் காட்டி இப்போது கடன் நிறுவனங்களுக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்று பார்த்துக் கையெழுத்திட்டவர்கள், இடையில் நின்றவர் என்ன சம்பாதித்தார் என்று இத்தனை ஆண்டுகள் கழித்துக் கேட்பது எந்த வியாபாரத்திலும் இல்லாத வழக்கம். டீலர் தன் லாபத்துக்காகப் பேசுபவர்; வாங்குபவரின் நலனை மட்டுமே பார்க்கும் கடமை அவருக்கு இல்லை என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்ட் 1 அன்று சொல்லிவிட்டது.

கலைவாணி:
ஐயா, தீர்ப்பின் ஒரு பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அதில் விசாரிக்கப்பட்ட மூன்று வழக்குகளில் ஜான்சன் என்பவருடையது, 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான நியாயமற்ற உறவு என்று ஏற்கப்பட்டது. பழைய சுசுகி காருக்காக அவர் வாங்கிய கடனில் 1,650 பவுண்டு டீலருக்குக் கமிஷனாகப் போயிருந்தது. கடனுக்காக அவர்மேல் விழுந்த மொத்தச் செலவில் இது 55 விழுக்காடு. பல நிறுவனங்களில் தேடிப் பொருத்தமான கடனைப் பிடித்துத் தருவதுபோல டீலர் கொடுத்த தாள் காட்டியது. உண்மையில், யாரையும் முதலில் தன்னிடமே அனுப்ப வேண்டும் என்று ஒரு கடன் நிறுவனம் அந்த டீலருடன் ஒப்பந்தம் செய்திருந்தது.

வட்டியைப் பார்த்துத்தானே கையெழுத்திட்டார்கள் என்கிறீர்கள். அந்த வட்டியை நிர்ணயித்தது யார் என்பதே கேள்வி. 2021 ஜனவரி 28 அன்று தடைசெய்யப்படும் வரை, வட்டி விகிதத்தை டீலரே ஏற்றி இறக்கலாம், ஏற்றினால் அவருக்குக் கமிஷனும் ஏறும் என்ற ஏற்பாடு இருந்தது. 10,000 பவுண்டை நான்கு ஆண்டுகளில் கட்டுபவர் இதனால் ஏறத்தாழ 1,100 பவுண்டு கூடுதல் வட்டி கட்ட நேரலாம் என்று, நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. 2019இலேயே கணக்கிட்டது.

தில்லைநாதன்:
ஐம்பத்தைந்து விழுக்காடு என்பது விதிவிலக்கான வழக்கு; அதை அளவுகோலாக்கக் கூடாது. கமிஷன் வழங்கப்படலாம் என்ற வாசகம் ஜான்சனுடைய ஆவணத்திலும் இருந்தது. வட்டியே இல்லாமல் கார் எடுத்தவர்கள்கூட இப்போது கடிதம் எழுதுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்; இந்தப் பணமெல்லாம் நாளை கார் வாங்குபவரின் தலையில்தான் விழும்.

கலைவாணி:
வட்டியே கட்டாதவருக்கு இழப்பு ஏது? அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் "வழங்கப்படலாம்" என்பது ஒரு தொகையோ விகிதமோ ஆகாது.

எழில்வேந்தன்:
இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். முறைப்பாடு செய்யக் காசு தேவையில்லை. வானொலியிலும் முகநூலிலும் அழைக்கும் இழப்பீட்டு முகவர்கள், கிடைப்பதில் 30 விழுக்காட்டுக்கு மேலும் எடுத்துக்கொள்ளக்கூடும். எஃப்.சி.ஏ. 2025 அக்டோபரில் முன்வைத்த இழப்பீட்டுத் திட்ட வரைவின்படி ஒரு கடனுக்குச் சராசரியாக 700 பவுண்டுதான்; அதில் மூன்றில் ஒரு பங்கை, ஒரு கடிதம் எழுதியதற்காக யாருக்கோ கொடுப்பானேன்?

2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரையிலான ஒப்பந்தங்களை அந்த வரைவு கணக்கில் கொள்கிறது. டீலருக்கு எழுதாமல், கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். கடன் எண் தொலைந்திருந்தால் அப்போதைய முகவரியும், பிறந்த தேதியும், காரின் பதிவு எண்ணும் போதும். நிறுவனத்தின் பெயரே மறந்திருந்தால், தவணை போன பழைய வங்கி அறிக்கையில் அது இருக்கும். கமிஷன் எவ்வளவு, டீலர் வட்டியை மாற்ற முடிந்ததா, நிறுவனத்துக்கும் அவருக்கும் தனி ஒப்பந்தம் இருந்ததா என்ற மூன்றையும் நேராகக் கேளுங்கள்.

தில்லைநாதன்:
முகவர்களைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் விவரம் கேட்டு எழுதலாமே. அதற்கு முறைப்பாடு என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

எழில்வேந்தன்:
ஐயா, விவரம் கேட்டு எழுதினால் விவரம் மட்டும் வரும். நிறுவனம் மறுத்தால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஓம்புட்ஸ்மனிடம் போக முடியாது. முறைப்பாடு என்று எழுதினால்தான் நிறுவனம் முடிவான பதில் தரக் கடமைப்படும். பொதுவாக, அந்தப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் ஓம்புட்ஸ்மனிடம் செல்லும் வழியும் திறந்திருக்கும்.